விரை அறுவையா, மூன்று மாத ஊசியா? புராஸ்டேட் புற்றுநோய் பரவிய வீட்டில் எடுக்க வேண்டிய ஒரு முடிவு

சேலம் அஸ்தம்பட்டியில் மருந்துக்கடை வைத்து 22 வருடம் ஆகிறது. சில பேர் சீட்டை நீட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “அப்பாவுக்குப் புராஸ்டேட்ல கேன்சருங்க. எலும்புக்குப் போயிடுச்சாம். டாக்டர் ரெண்டு வழி சொல்றாரு. ஒண்ணு, விரையை எடுத்துடணுமாம். இல்லைன்னா மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, நிறுத்தவே கூடாதாம். எதுங்க நல்லது?”

மகன் கேட்பதுண்டு, மருமகன் கேட்பதுண்டு. நோயாளி மட்டும் அநேகமாகக் கேட்பதே இல்லை. எங்கள் பெரியப்பாவும் கேட்கவில்லை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டமும், நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் அவருடைய உலகம். இடுப்பு வலி என்று ஒரு வருடம் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டார். கீழே இறங்கி வந்து பார்த்தபோது, புராஸ்டேட் நோயை ரத்தத்தில் அளந்து காட்டும் பி.எஸ்.ஏ. 400-ஐத் தாண்டியிருந்தது. எலும்பு ஸ்கேன் படத்தில் இடுப்பிலும் முதுகிலும் கருப்புப் புள்ளிகள். டாக்டர் இரண்டு வழியையும் பொறுமையாகச் சொல்லி முடித்ததும், பெரியப்பா என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏன் சாமி, கெடாவுக்குக் காயடிக்கிற மாதிரி எனக்கும் பண்ணச் சொல்றாங்களா?”

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

## முதலில், இது யாருக்கு

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கிற நோய்க்குக் கண்காணிப்பு, புராஸ்டேட்டையே எடுக்கும் அறுவை, கதிர்வீச்சு என்று தனிக் கணக்கு இருக்கிறது. அது வேறு கட்டுரை. இங்கே பேசுவது, நோய் எலும்புக்கோ தூரத்து நிணநீர்க் கணுக்களுக்கோ பரவிவிட்டவர்களைப் பற்றி. அவர்களுக்கு முதல் சிகிச்சை, உடம்பில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடியோடு குறைப்பது.

ஏன் அப்படி? இந்தப் புற்றுநோய்க்கு அந்த ஹார்மோன்தான் தீனி. 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், பரவிய நோயாளிகளுக்கு விரைகளை நீக்கினால் நோய் சுருங்குகிறது, வலி குறைகிறது என்று காட்டினார்கள். ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. டெஸ்டோஸ்டிரோனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விரையில்தான் சுரக்கிறது. மிச்சம் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. இந்த மிச்சத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஊசி வந்தது வேறு வழியில். விரைக்கு ‘சுர’ என்று கட்டளை போவது மூளையிலிருந்து. அந்தக் கட்டளை ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழுவும் ரோஜர் கியமனின் குழுவும் கண்டுபிடித்தன. இருவருக்கும் 1977-இல் நோபல். அதைப் போலவே செய்த மருந்துதான் லூப்ரோலைடு, 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, அறுவை ஊற்றுக்கண்ணையே எடுத்துவிடுகிறது. ஊசி ஊற்றுக்கு வரும் கட்டளையை அடைக்கிறது. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

ஆயுளிலும் அப்படித்தான். 2000-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விரை அறுவையையும் இந்த வகை ஊசிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 10 ஆய்வுகளை, சுமார் 1,900 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உயிர்வாழும் காலத்தில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. “ஊசிதான் புதுசு, அதனால் நல்லது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். “ஆபரேஷன்தான் வேரோடு பிடுங்கும்” என்பதும் சரியில்லை. இரண்டுமே நோயைக் குணப்படுத்துவதில்லை, கட்டிப்போடுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

ஆயுள் ஒன்று என்றால் முடிவு மற்ற விஷயங்களில் இருக்கிறது. என் அனுபவத்தில் ஐந்து கேள்வி போதும்.

எவ்வளவு சீக்கிரம் வேலை செய்ய வேண்டும்? முதுகெலும்பில் கட்டி தண்டுவடத்தை அழுத்துகிற நிலையில் ஒரு வாரம் கூடப் பெரிய காலம்.

எவ்வளவு நாளைக்கு வேண்டும்? ஆயுள் முழுக்கவா, இல்லை குறிப்பிட்ட காலத்துக்கா. எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான், பலர் கேட்காமல் விடுவதும் இதைத்தான்.

தவறாமல் தொடர முடியுமா? பணம், தூரம், கூட வர ஆள்.

உடம்பில் வேறு என்ன இருக்கிறது? இதய நோய், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை.

மனசு எதைத் தாங்கும்? இதைக் கடைசியில் எழுதினேனே தவிர, பல வீடுகளில் முடிவை எடுப்பது இதுதான்.

## வழி 1: விரைகளை நீக்கும் அறுவை

கேட்கும்போது பயமாக இருக்கும், செய்வது சின்ன அறுவை. முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தோ, விதைப்பையில் ஒரு சின்னக் கீறல் போட்டு அரை மணி முதல் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். அன்றைக்கே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம். சில நாள் வீக்கம் இருக்கும், இறுக்கமான உள்ளாடை போடச் சொல்வார்கள். ரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை. குளோபிடோகிரல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

வேகத்தில் இதற்கு ஈடு கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் சுமார் 12 மணி நேரத்துக்குள் சரிந்துவிடும். அப்புறம் ஏறாது. தேதி ஞாபகம் வைக்க வேண்டாம், ஊசி போடும் நர்ஸ் தவற வேண்டாம், பஸ் கிடைக்காமல் போக வேண்டாம்.

செலவும் ஒரே தடவை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரியான அரசு மருத்துவமனைகளில் ஏழைகள் கைக்காசு இல்லாமலே அறுவை செய்துகொள்ளலாம். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு அங்கே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். அறுவை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

மறைந்திருக்கும் விலை என்ன? இது திரும்பி வராத வழி. ஐந்து வருடம் கழித்து மனம் மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது மனசு. குளிக்கும்போது கை படும் இடத்தில் ஒன்றும் இல்லை என்பது சிலரை வருடக் கணக்கில் உறுத்துகிறது. இதற்கு ஒரு நடுவழி உண்டு, டாக்டர் தானாகச் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்கலாம்: விரையின் வெளி உறையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சதையை மட்டும் எடுப்பது. தொட்டால் சின்னதாக ஏதோ இருக்கிற மாதிரியே இருக்கும், ஹார்மோனும் நின்றுவிடும். செயற்கை விரை வைப்பதும் உண்டு, அதற்குத் தனிச் செலவு.

## வழி 2: மாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி

லூப்ரோலைடு, கோசெரலின், டிரிப்டோரெலின் என்பவை இந்த வகை. சீட்டில் இருப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்று. கோசெரலின் பார்க்கவே வித்தியாசமாக இருக்கும்: சிரிஞ்சுக்குள் தண்ணீர் இருக்காது, அரிசி அளவில் ஒரு வெள்ளைக் குச்சி இருக்கும். தொப்புளுக்குக் கீழே தோலடியில் அதை வைத்துவிட்டால் 3.6 மி.கி. 28 நாளும் 10.8 மி.கி. 12 வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். லூப்ரோலைடு பெரும்பாலும் பொடியாக வரும், கூட வரும் திரவத்தில் கலக்கிப் போட வேண்டும். சரியாகக் கலங்காமல் பாதிப் பொடி குப்பியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதம் வீண். அதனால் முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து பி.எஸ்.ஏ. மட்டும் இல்லாமல் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்த்துவிடச் சொல்கிறேன். ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே வந்திருந்தால்தான் ஊசி வேலை செய்கிறது.

இந்த ஊசியில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டளையை அடைப்பதற்கு முன்னால் அது கட்டளையைக் கூட்டிவிடும். முதல் வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், மூன்று நான்கு வாரம் ஆன பிறகுதான் கீழே விழும். எலும்பில் நோய் நிறைய இருப்பவர்களுக்கு அந்த ஏற்றம் ஆபத்து: வலி கூடலாம், சிறுநீர் அடைக்கலாம், தண்டுவடம் நசுங்கலாம். அதைத் தடுக்கத்தான் பைகாலூடமைடு மாத்திரையை ஊசிக்கு முன்பே தொடங்கி முதல் சில வாரங்களுக்குக் கொடுக்கிறார்கள். “ஊசிதான் போட்டாச்சே, மாத்திரை எதுக்கு” என்று அதை வாங்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இனி செலவு. ஊசி விலையை நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி, கடைக்குக் கடை மாறுகிறது. அட்டையில் அச்சடித்த விலைக்கும் உண்மையில் கொடுக்கக் கூடிய விலைக்கும் நிறைய இடைவெளி இருக்கிற சரக்கு இது. 2019-இல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகும் மூன்று கடையில் விசாரித்தால் மூன்று விலை சொல்வார்கள். விசாரிக்கக் கூச்சப்பட வேண்டாம், கடைக்காரனாகவே சொல்கிறேன். கணக்கு இப்படிப் போடுங்கள்: ஓர் ஊசி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு நான்கு, 32,000. ஐந்து வருடத்தில் 1,60,000. இதில் மருத்துவர் கட்டணமும் ரத்தப் பரிசோதனையும் இன்னும் சேரவில்லை.

சேராத இன்னொன்று, பயணம். நாகலூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம், கோரிமேடு தாண்டி இங்கே வருவதற்குள் எலும்பு வலிக்காரருக்கு உயிர் போய் உயிர் வரும். கூட மகன் வந்தால் அவனுக்கு ஒரு நாள் கூலி போச்சு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். சேலம் டவுனில் இருப்பவருக்கு இது பத்து நிமிட வேலை. அதனால்தான் ஒரே நோய்க்கு ஒரே பதில் சொல்ல முடியாது.

பெரியப்பா ஊசியைத்தான் தேர்ந்தெடுத்தார். இரண்டு வருடம் தேதி தவறவில்லை, பி.எஸ்.ஏ. ஒன்றுக்குக் கீழே வந்தது, கைத்தடியைக் கூட மூலையில் வைத்துவிட்டார். மூன்றாவது வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் தேதி. தோட்டத்தில் காப்பிப் பழம் சிவந்து கிடக்கிறது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை. “ஒரு வாரம் தள்ளினா என்ன ஆயிடும்” என்றார். ஒரு வாரம் பொங்கல் வரை போனது, பொங்கல் முடிந்து காப்பி காயப்போட்டு மூட்டை கட்டும் வரை போனது. நானும் இரண்டு தடவை போன் செய்துவிட்டு விட்டுவிட்டேன். ஜனவரிக் கடைசியில் வலியோடு இறங்கி வந்தபோது டெஸ்டோஸ்டிரோன் 210. நோய்க்கு ஏழு வாரம் சோறு போட்டிருக்கிறோம்.

அப்போதுதான் அவரே கேட்டார், அறுவை செய்துகொள்ளலாமா என்று. அறுவை முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், ஒரு வாரம் இருந்தார். மூன்றாம் நாள் வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “இதுக்கா ரெண்டு வருஷம் பயந்தேன்” என்றார்.

இன்னொரு மறைந்த செலவையும் சொல்ல வேண்டும். சில வருடம் கழித்து நோய் ஊசியை மீறி வளர ஆரம்பிக்கலாம், பி.எஸ்.ஏ. ஏறும். அப்போது பலர் “ஊசி இனி வேலை செய்யலை” என்று நிறுத்திவிடுகிறார்கள். தவறு. அதற்குப் பிறகு வரும் எந்த மருந்தானாலும், டெஸ்டோஸ்டிரோனை அடக்கி வைத்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும். ஊசி என்றால் உண்மையிலேயே ஆயுளுக்கும்தான்.

“நடுநடுவே நிறுத்தி உடம்புக்கு ஓய்வு கொடுக்கலாமா?” என்றும் கேட்கிறார்கள். பரவிய நோயில் இதை 1,535 பேரிடம் சோதித்த ஆய்வு 2013-இல் வெளியானது. தொடர்ந்து சிகிச்சை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 5.8 வருடம், விட்டு விட்டு எடுத்தவர்களுக்கு 5.1 வருடம். விட்டு விட்டு எடுப்பதும் சமம்தான் என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. டாக்டர் கண்காணிப்பில் சிலருக்குச் செய்வதுண்டு, நாமாகச் செய்யக் கூடாது.

## வழி 3: புதிய தடுப்பு மருந்துகள்

டெகாரெலிக்ஸ் ஊசி, ரெலுகோலிக்ஸ் மாத்திரை. இவை கட்டளையை நேரடியாகவே தடுப்பதால் அந்த முதல் வார ஏற்றம் கிடையாது. டெகாரெலிக்ஸ் மூன்று நாளில் டெஸ்டோஸ்டிரோனை இறக்கிவிடும். ஆனால் மாதாமாதம் போட வேண்டும், போட்ட இடம் சிவந்து வீங்கி வலிப்பதும் அதிகம். ரெலுகோலிக்ஸ் முதல் நாள் 360 மி.கி., அப்புறம் தினமும் 120 மி.கி. மலை இறங்க வேண்டாம் என்பது பெரிய சௌகரியம்தான். ஆனால் தினமும் மறக்காமல் விழுங்க வேண்டும். இரண்டிலும் செலவு அதிகம். தொடங்கும் முன் உங்கள் ஊர்க் கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு இதைப் பற்றிக் கேட்கத் தோன்றும் என்றால், மாரடைப்பு வந்தவர்களுக்கு. 2020-இல் வெளியான ஆய்வில் 930 பேர் இருந்தார்கள். ரெலுகோலிக்ஸ் எடுத்தவர்களில் 2.9 சதவீதம் பேருக்கும், லூப்ரோலைடு எடுத்தவர்களில் 6.2 சதவீதம் பேருக்கும் பெரிய இதயப் பிரச்சினைகள் வந்தன. ஆனால் டெகாரெலிக்ஸையும் லூப்ரோலைடையும் இதயத்துக்காகவே ஒப்பிட்ட 2021 ஆய்வில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆக, நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் அறுதியாக இல்லை.

## ஒரே பார்வையில்

| | அறுவை | மூன்று மாத ஊசி | தடுப்பு மருந்து |
|---|---|---|---|
| ஹார்மோன் இறங்க | சுமார் 12 மணி நேரம் | 3–4 வாரம் | சில நாள் முதல் இரண்டு வாரம் |
| முதல் வார ஏற்றம் | இல்லை | உண்டு, துணை மாத்திரை வேண்டும் | இல்லை |
| நிறுத்தினால் திரும்புமா | திரும்பாது | பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும் | பெரும்பாலும் திரும்பும்; ரெலுகோலிக்ஸில் சீக்கிரம் |
| செலவு | ஒரே தடவை | ஆயுள் முழுக்க | ஆயுள் முழுக்க, இன்னும் கூடுதல் |
| தேதி தவறினால் | கேள்வியே இல்லை | நோய்க்கு வாய்ப்பு | நோய்க்கு வாய்ப்பு |

## எதை எடுத்தாலும் வருவது

ஊசி போட்டால் ஆண்மை இருக்கும், அறுவை செய்தால் போய்விடும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இந்த ஒரு நினைப்பால் எத்தனை வீட்டில் நகையை அடகு வைத்து ஊசி வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உண்மை இதுதான்: ஆசை குறைவதும் விறைப்பு போவதும் டெஸ்டோஸ்டிரோன் இறங்குவதால் வருகின்றன, கத்தியால் அல்ல. ஊசி சரியாக வேலை செய்தால் அதேதான் நடக்கும். விந்தணு உற்பத்தியும் இரண்டிலும் நின்றுபோகும். இனிக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளையவர் எந்த வழியானாலும் தொடங்குவதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்டுவிட வேண்டும். ஊசியில் கிடைப்பது, நிறுத்தினால் திரும்பலாம் என்ற சாத்தியம் மட்டுமே. நிறுத்தவே முடியாத நோயில் அந்தச் சாத்தியத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று அவரவர் யோசிக்க வேண்டும்.

மற்றவையும் பொதுதான். உடம்பு திடீரென்று குப்பென்று சூடாகி வேர்ப்பது, சோர்வு, தசை கரைவது, தொப்பை, சர்க்கரை கூடுவது, எரிச்சல், மன வாட்டம், எலும்பு மெலிவது. அமெரிக்காவில் பரவிய நோய் உள்ள 3,295 பேரின் பதிவுகளைப் பார்த்து 2016-இல் வந்த ஆய்வில், ஊசி எடுத்தவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்களுக்கு எலும்பு முறிவும் இதயச் சிக்கலும் கொஞ்சம் குறைவாக இருந்தன. சர்க்கரையில் வித்தியாசம் இல்லை. பழைய பதிவுகளை வைத்துச் சொன்னது என்பதால் இதை மட்டுமே நம்பி முடிவு செய்ய மாட்டேன். ஆனால் அறுவை உடம்பைக் கூடுதலாகக் கெடுக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதற்கு இது போதும்.

எலும்புக்கு ராகிக் களி நம் ஊரிலேயே இருக்கிறது. 100 கிராம் ராகியில் 300 மி.கி.-க்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. நடப்பதும், முடிந்தவரை சின்ன எடை தூக்குவதும் சோர்வைக் குறைக்கும். எலும்புக்கு ஜோலிட்ரானிக் ஆசிட் ஊசி எழுதியிருந்தால் அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும், பின்னால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

## மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும்

என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் நடுநாயகம் இதுதான். அட்ரினலிலிருந்து வரும் மிச்ச ஹார்மோனை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதையும் அடைப்பது அபிராட்டரோன் மாத்திரை. தீவிரமாகப் பரவிய நோய் உள்ள 1,199 பேரிடம் நடந்த ஆய்வில், ஹார்மோன் குறைப்பு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 36.5 மாதம். அதோடு அபிராட்டரோனும், பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 53.3 மாதம். ஏறக்குறைய ஒன்றரை வருடம் கூடுதல். ஊசியா அறுவையா என்பதில் பொருட்படுத்தத்தக்க ஆயுள் வித்தியாசம் கிடையாது. இந்த மாத்திரை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

ஆனால் கடையில் நான் பார்ப்பது வேறு. கையில் இருக்கும் பணமெல்லாம் ஊசிக்கே போய்விடும். இரண்டாவது மருந்தை டாக்டர் எழுதினாலும், “அடுத்த மாசம் பாத்துக்கலாங்க” என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். வருமானம் குறைந்த வீட்டில், ஆயுள் முழுக்கச் சிகிச்சை வேண்டியவருக்கு, அறுவையைச் செய்துகொண்டு அந்த ஊசிப் பணத்தை அபிராட்டரோனுக்குத் திருப்புவதுதான் நான் அறிந்த நல்ல கணக்கு. இப்போது இந்திய கம்பெனிகளின் அபிராட்டரோன் பல பெயர்களில் கிடைக்கிறது, அதிலும் விலையை விசாரியுங்கள்.

இதைச் சாப்பிடும் முறையில் கவனம் தேவை. வழக்கமான அளவு 1,000 மி.கி., வெறும் வயிற்றில். உணவோடு சாப்பிட்டால் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். இந்தக் குணத்தையே பயன்படுத்தி 250 மி.கி. மட்டும் உணவோடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. 72 பேர்தான், ஆனால் பி.எஸ்.ஏ. குறைந்தது ஏறக்குறைய சமமாக இருந்தது. பணக் கஷ்டத்தில் முழு அளவு வாங்க முடியாவிட்டால், மாத்திரையையே விடுவதற்குப் பதில் இந்த முறையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சொன்னால் மட்டும். ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை எல்லாம் இதோடு கட்டாயம். எல்லாருக்கும் அபிராட்டரோன்தான் என்றும் இல்லை. டோசிடாக்செல் கீமோ, என்சாலூடமைடு மாத்திரை என்று மாற்றுகளும் உண்டு.

## யாருக்கு எது

ஆயுள் முழுக்க வேண்டும், ஊர் தூரம், பணம் இறுக்கம், மனசு ஒத்துக்கொள்கிறது: அறுவை. கால் திடீரென்று பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ, முதுகில் தாங்க முடியாத வலி வந்தாலோ அது அவசர நிலை, அன்றைக்கே மருத்துவமனை; அங்கே ஹார்மோனை இறக்க அறுவையையோ டெகாரெலிக்ஸையோதான் பேசுவார்கள், சாதாரண ஊசியை அல்ல.

நோய் பரவவில்லை, கதிர்வீச்சோடு சேர்த்து ஆறு மாதமோ இரண்டு மூன்று வருடமோ மட்டும் ஹார்மோன் குறைக்கச் சொல்கிறார்கள்: ஊசிதான். இவர்களுக்கு ஒரு நாள் சிகிச்சை முடியும், ஹார்மோன் திரும்பும். செலவைப் பார்த்து இங்கே அறுவை செய்துகொள்ளக் கூடாது.

காப்பீடு ஊசியை ஏற்கிறது, மருத்துவமனை பக்கத்தில், அறுவை என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை: ஊசி எடுக்கட்டும், அதில் தப்பே இல்லை. தேதியை மட்டும் வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். முடிவெடுக்க அவகாசம் வேண்டுமானாலும் ஓர் ஊசி போட்டுவிட்டு மூன்று மாதம் யோசிக்கலாம். அறுவையை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், செய்ததைத் திருப்ப முடியாது.

டாக்டரிடம் போகும்போது இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எவ்வளவு காலத்துக்கு? காப்பீட்டில் அறுவை, ஊசி, மாத்திரை மூன்றில் எது வரும்? ஹார்மோன் குறைப்போடு இரண்டாவது மருந்து எது, எப்போது தொடங்குவது? அப்புறம், இந்தப் பேச்சில் வீட்டுக்காரம்மாவையும் உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் ஆண்கள் நாங்களே இரண்டு வருடம் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். அறுவை என்று முடிவான அன்றைக்குத்தான் பெரியம்மாவிடம் சொன்னோம். “வலி போகுமில்ல? அப்ப எடுத்துப் போடச் சொல்லுங்க. இத என்கிட்ட அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல” என்றார்.

பெரியப்பாவுக்கு இது ஐந்தாவது வருடம். தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. போன மாதம் கடைக்கு வந்தபோது கூட ஒருவர் வந்திருந்தார், அதே ஊர்க்காரர், அறுபது வயதிருக்கும். மாலை நேரம், கடையில் நல்ல கூட்டம். அவர் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்து, எல்லார் காதிலும் விழும்படியே கேட்டார்: “இவருக்கும் எனக்கு வந்த சீக்குதான் சாமி. ஊசி என்ன விலை, மாத்திரை என்ன விலை, ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிக் குடு. கணக்குப் போட்டுப் பாத்துட்டு நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்.”